கம்பி பிடிக்காத கண்டக்டர்

விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர் ஆதிநாராயணன். வேப்பூர் தாண்டி பஸ் எவ்வளவு வேகமெடுத்தாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, வாயில் விசில். டிரைவர் பிரேக் அடித்தால் பயணிகள்தான் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். இவர் காலைக் கொஞ்சம் அகட்டிக்கொள்வார், அவ்வளவுதான். எழுபதை நெருங்கியும் அந்தப் பெருமை குறையவில்லை. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் கோபம் வந்துவிடும்.

போன ஆவணியில் ஒரு காலை. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் தன் வீட்டுக் குளியலறையில் நின்றபடி முகத்துக்குச் சோப்புப் போட்டவர், எரிச்சலுக்குப் பயந்து கண்ணை இறுக மூடினார். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போலிருந்தது. வாளியில் மோதித் தரையில் கிடந்தார்.

சத்தம் கேட்டு மனைவி கொளஞ்சியம்மாள் ஓடிவந்தாள். முகமெல்லாம் நுரையோடு அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரு என்னத் தள்ளுனது?"

"வூட்ல நம்ம ரெண்டு பேரு தானேங்க!"

வழுக்கியது என்று சொல்லவும் வழியில்லை. சொரசொரப்பான சிமெண்டுத் தரை, அதிலும் முகத்தை நனைத்ததோடு சரி, மேலுக்குத் தண்ணீர் ஊற்றவே ஆரம்பிக்கவில்லை.

வீங்கிய முழங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு முறியவில்லை. டாக்டர் இளமதி, சின்ன வயதுக்காரி, விழுந்த விதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "செருப்பக் கழட்டிட்டு ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு நில்லுங்கய்யா. இப்ப கண்ண மூடுங்க."

"ஓடுற பஸ்ஸுலயே நின்னவன்மா நான்" என்று சிரித்துக்கொண்டே மூடினார். தரை ஒரு பக்கமாக நழுவியது. கண்ணைத் திறந்தபோது டாக்டர் அவர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அசையாத தரையில், பட்டப்பகலில், சும்மா நிற்க முடியவில்லை!

"கண்ணு, காதோட உள்பக்கம், பாதம் மூணும் சேந்துதான் நம்மள நிக்க வைக்குது. வயசானா காதும் பாதமும் மந்தமாயிடும். கண்ணு ஒண்ணுதான் தாங்கிட்டிருக்கும். அதனாலதான் உங்களுக்கு இத்தன நாளா தெரியல. அதையும் மூடுனா ஒடம்புக்கு நேரா நிக்கிறோமா சாயிறோமான்னு புரியாது. பயப்படாதீங்க, பயிற்சி செஞ்சா கொஞ்சம் தேறும்."

வீட்டுக்கு வந்தும் பிரமை தெளியவில்லை. தனக்கு மட்டுமா இப்படி என்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது.

"கொளஞ்சி, இப்படி நின்னு கண்ண மூடு பாப்போம்."

"அடுப்புல வேல இருக்குதுங்க."

"ஒரு நிமிசம்."

கண்ணை மூடுவதற்கு முன்பே அவள் கை சுவரைத் தேடிப் போனது.

"செவுத்த வுடு."

"வுட்டா வுழுந்துடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் முகம் அப்படியில்லை.

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு வருசமா. தலைக்கி ஊத்துறப்ப கொழாயப் புடிச்சிக்குவேன். பழமலைநாதர் கோயில்ல சாமி முன்னாடி கூட கண்ண மூடுறதில்லீங்க. முழிச்சிக்கிட்டேதான் கும்புடுறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கம்பியே புடிக்காத ஆளு. சிரிப்பீங்க."

அப்போதுதான் சுவரைப் பார்த்தார். சமையலறையிலிருந்து வாசல்வரை, அவள் இடுப்பு உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் நீளமாக ஓர் அழுக்குக் கோடு. கை துடைக்க வேறு இடமில்லையா என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். தான் விழுந்ததைவிட இது அவரைப் பலமாக அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கொளஞ்சியம்மாளையும் டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த வாரமே குளியலறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி ஏறியது. குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வந்தது. இப்போது தினமும் காலையில் ஜன்னலருகே பயிற்சி. ஒருவர் கம்பியைத் தொட்டும் தொடாமலும் கண்ணை மூடி நிற்க, மற்றவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு காவல்.

"இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பாள் அவள்.

"இங்கதான் இருக்கேன். தெறக்காத."