கொக்கு விட்ட மாடு

மாடுகளை அவிழ்த்துவிட்டதும் கொக்கக்கா மாடுகளைப் பார்ப்பதில்லை, கொக்குகளைத்தான் பார்க்கிறார். கம்பிவேலி ஓரம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, எந்தக் கொக்கு எந்த மாட்டோடு ஒட்டிக்கொள்கிறது என்று கண்ணை இடுக்கி நோட்டம் விடுகிறார். பால்பண்ணையில் மேய்ச்சலுக்கு அவர்தான் பொறுப்பு. பெயர் கறவைக்காரர்கள் வைத்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கொஞ்சம் நேரமாகும்.

"படுத்து அசைபோடுற மாட்டுக்கிட்ட கொக்கு போகாது. அவசரக்குடுக்கையா ஓடுறதையும் அண்டாது. நடந்து நடந்து நிதானமா மேயணும். கால் பட்டு வெட்டுக்கிளி எந்திரிச்சா லபக்குனு கவ்வும். கொக்கு என்ன கிறுக்கா, பட்டினி கிடக்க?" என்பார்.

ஒரு மாட்டைக் கொக்கு விட்டுவிட்டால் அதற்கு உடம்பு சரியில்லை என்பது அவர் கணக்கு. மருத்துவர் வருமுன்பே சொல்லிவிடுவார்; பலமுறை பலித்தது. பெருமை தாங்காமல் முதலாளியிடமும் விலாவாரியாக ஒப்பித்தார். தன் ஓட்டைவாயைத்தான் இந்த வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

கழித்த மாட்டை அடிமாடாக ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. எந்த மாட்டைக் கழிப்பது என்று முடிவுசெய்ய முதலாளி பதிவேட்டைப் புரட்டவில்லை; நேராக வேலியோரம் வந்து நின்றார். ஏழு கன்று போட்ட செவலைப் பசு தனியாக நின்றிருந்தது. நோய் ஒன்றுமில்லை, வயது. நின்ற இடத்திலேயே மேய்வதால் மூன்று நாளாக ஒரு கொக்கும் எட்டிப் பார்க்கவில்லை. அது பிறந்தபோது மூக்கில் ஊதி மூச்சு வரவழைத்தவர் கொக்கக்கா.

"நீங்கதானே சொன்னீங்க அக்கா, கொக்கு பொய் சொல்லாதுன்னு?"

"சொன்னேன் முதலாளி. அதுக்கு இன்னைக்குப் பசியில்லையோ என்னவோ."

"சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். ஒண்ணு வந்தாலும் செவலை இருக்கட்டும்." அவர் தம் அறைக்குப் போனார். அந்த அறையின் ஜன்னல் புல்வெளியைப் பார்த்தது.

கொக்கக்கா செவலையின் முதுகில் தட்டினார், கழுத்தைப் பிடித்து இழுத்தார், கெஞ்சினார். அது அசையவில்லை. "உன்னோட பெரிய ரோதனைடி" என்று செருப்பை உதறிவிட்டு, அதன் முகத்துக்கு முன்னால் புல்லைக் காலால் அளைந்தபடி நடக்கத் தொடங்கினார். வெட்டுக்கிளிகள் தெறித்தன. பக்கத்து மாட்டின் கொக்கு ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு பறந்து வந்து இறங்கியது.

இறங்கியது செவலையிடம் அல்ல. கொக்கக்கா நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது.

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. கொக்கக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கைப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு, செவலையை ஒட்டி நிதானமாக ஒரு சுற்று வந்தார்; அப்படியே இன்னொரு சுற்று.