பறங்கிக்காய் விருந்து

விருத்தாசலத்தில் நான் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருவில் ஓர் அமெரிக்கப் பெண் குடியிருந்தாள். பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடத் தொண்டு வேலையாக வந்தவள். என் வயதுதான் இருக்கும். புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டியிருப்பாள். புதிதாக ஒரு சொல்லைக் கேட்டால் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு கார்த்திகை மாத மழையில், தன் நாட்டுப் பண்டிகை என்று என்னையும் அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் ஊரில் வான்கோழி சமைப்பார்களாம், இங்கே நாட்டுக்கோழி. பறங்கிக்காயில் ஓர் இனிப்பும் செய்திருந்தாள்.

"என்னா பண்டிகைம்மா இது?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க பாட்டன் பூட்டன்லாம் அந்த நாட்டுக்குப் புதுசா வந்தப்ப பட்டினி. அங்க இருந்த சனங்க சோறு போட்டாங்க. அதுக்கு நன்றி."

"அந்த சனங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எங்கள் நிலத்தை அரசாங்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபின் நாங்கள் இங்கே பிழைக்க வந்தது அவளுக்குத் தெரியும்.

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது.

"அவங்க நெலத்த நாங்க எடுத்துக்கிட்டோம். நெறைய பேர் செத்துட்டாங்க" என்றாள். பிறகு தலை நிமிரவில்லை.

விருந்து வைத்தவளைக் குனிய வைத்துவிட்டோமே என்று எனக்குக் கூசியது.

"அதுக்கு நீ என்னம்மா பண்ணுவே? சோறு ஆறுது, சாப்புடு" என்றாள் அம்மா.

எங்கள் நிலத்தைப் பற்றி எத்தனையோ பேர் எங்களிடம் பேசியிருக்கிறார்கள். எங்கள் முன்னால் வெட்கப்பட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் எங்கள் நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.