முட்டுக்கட்டை போட்டவனுக்கு வந்த படபடப்பு

நான் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு நான் தேவைப்படவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு மரவாடிக்குக் கட்டை சுமக்கப் போனேன். இன்றைக்கு அந்த மரவாடி என்னுடையது. தேக்கா, வேங்கையா, இலுப்பையா என்று கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்வேன். என்னைச் சோதித்துப் பார்த்துத் தோற்றவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. எங்கள் கோயில் தேருக்கு வலது முன்சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவன் நான்தான், இருபத்திரண்டு வருடமாக. வடம் பிடித்து இழுப்பதற்கு ஊரே வரும். ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் உருளும் சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகுகிறவன் கையில் இருக்கிறது. சாமியே என்னைக் கேட்டுத்தான் திரும்பும் என்று சொல்லிக்கொள்வேன். பூசாரிக்கு அது பிடிக்காது.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் சாவு வந்தது. கழுத்தில் துணி கட்டி, ஒரு கன்னம் மழித்து முடிந்திருந்தது. திடீரென்று நெஞ்சு ரம்பம் ஓடுவது மாதிரி அடித்துக்கொண்டது. மூச்சு மேலே ஏறி அங்கேயே நின்றது. விரல்நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. சரி, முடிந்தது என்று நினைத்தேன். கழுத்துத் துணியோடும் மறு கன்னத்துச் சோப்போடும் ஓடி ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். “இதயம் நல்லா இருக்குது, வீட்டுக்குப் போங்க” என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சாகிற மாதிரி வந்தவனை இப்படியா அனுப்புவது. அடுத்த மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை போனேன், இன்னும் இரண்டு இ.சி.ஜி. மூன்றும் நன்றாக இருந்தன. மூன்றையும் லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு இதயம் இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை.

ஆனால் அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. முதலில் சலூனை விட்டேன். பிறகு பஸ், பிறகு சந்தை, கல்யாண மண்டபம். கடைசியில் மரவாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தே போனில் வேலையாட்களை விரட்டினேன். வாசலுக்கு வந்தால் இடுப்பில் ஒரு சோடா பாட்டில், சட்டைக்குள் லேமினேஷன், கையில் ஆட்டோக்காரர் நம்பர்.

தேருக்கு நான்கு மாதம் இருக்கும்போது மைத்துனன் வந்தான். என் மனைவியின் தம்பி. பத்து வருடமாக அந்த வலது முன்சக்கரத்தின் மேல் அவனுக்கு ஒரு கண்.

“மாமா, இந்த வருசம் நான் போட்டுக்கறேன். நீ வீட்ல குந்திக்கினு டிவியில பாரு.”

“நான் செத்தப்புறம் போடு.”

“அதான் வாரத்துக்கு ரெண்டு வாட்டி செத்துக்கினு கீறியே. எந்தச் சாவுன்னு நான் கணக்கு வெச்சிக்கறது?”

அவனை அடிக்க எழுந்தேன், அவன் தெருவில் குதித்தான். வாசல்படியோடு நின்றுவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவன் சிரிப்பை நிறுத்தினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மறுநாள் என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “கெளம்புங்க. மனசு டாக்டரைப் பாக்கலாம்.”

“நான் இன்னா பைத்தியமா?”

“பைத்தியமா இருந்தா மாத்திரை குடுப்பாங்க, இல்லாட்டி அனுப்பிடுவாங்க. ரெண்டுல எதுனாலும் எனக்குச் சந்தோசம்.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் மூன்று லேமினேஷனையும் மேசையில் விரித்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். ரத்தம் எடுத்துத் தைராய்டும் பார்க்கச் சொன்னார்; அதுவும் நன்றாகவே இருந்தது. பிறகு சொன்னார்: “ஐயா, உங்களுக்கு வந்தது பொய்யில்ல. ஆபத்து வந்தா ஓடறதுக்காக உடம்புக்குள்ள ஒரு மணி இருக்கு. உங்களுக்கு அது ஆபத்தே இல்லாதப்ப அடிக்குது. உச்சிக்குப் போயிட்டு, கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

என் அப்பா கூட்டமான பஸ்ஸில் ஏறவே மாட்டார். அத்தனை மைல் தள்ளியிருக்கிற திருப்புட்குழிக்குக் கூட நடந்தே போவார். வீம்பு பிடித்த மனுசன் என்றே எல்லோரும் சொன்னோம். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வேறு மாதிரி தோன்றியது.

“சமீபத்துல பயப்படற மாதிரி ஏதாவது நடந்துச்சா?”

என் மனைவியை வெளியே இருக்கச் சொன்னேன். அவள் போகவில்லை. சொல்ல வேண்டியதாயிற்று. போன வருடத் தேரோட்டத்தில், இரண்டாவது தெருமுனையில் என் கட்டை நழுவியது. சக்கரம் என் கால் கட்டைவிரலை உரசிக்கொண்டு போனது. அடுத்த கட்டையைப் போட்டு நிறுத்திவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். காபியைக் குறைக்கச் சொன்னார். அது மாத்திரையை விடக் கசந்தது. ஆனால் பெரிய வேலை வேறு. எதை எதையெல்லாம் விட்டேனோ, சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி போக வேண்டும். படபடப்பு வந்தால் ஓடக் கூடாது, இறங்குகிற வரை அங்கேயே நிற்க வேண்டும். “நீங்க ஓடற ஒவ்வொரு தடவையும், ஓடினதாலதான் பிழைச்சோம்னு உடம்பு நம்பிடும்” என்றார்.

அதை நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். புதிதாகக் கட்டை போட வருகிறவன் இதே தப்பைத்தான் செய்வான். சக்கரம் அசைந்தாலே பயந்து கட்டையைத் திணிப்பான். நான்கு பக்கமும் திணித்துவிட்டால் தேர் நடுத்தெருவில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் யார் இழுத்தாலும் வராது. இப்படிச் செய்தவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். டாக்டரிடம் இதை விளக்கினேன். அவர் எழுதி வைத்துக்கொண்டார். படித்தவர்களுக்கும் நம்மிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

முதல் வாரம் யாருமில்லாத மத்தியானத்தில் தேரடியில் போய் நின்றேன். பிறகு சலூன். அங்கே பாதியில் வந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி உட்கார்ந்திருந்தேன். “அண்ணே, இந்த வாட்டி ரெண்டு கன்னமும் பண்ணலாமா?” என்று கேட்டார் சலூன்காரர். பிறகு சனிக்கிழமைச் சந்தை. சோடா பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். லேமினேஷனை விடத்தான் மனசு வரவில்லை. அதை என் மனைவி அரிசி டப்பாவுக்கு மூடியாக வைத்துவிட்டாள்.

தேர் நாள் வந்தது. இனி என் பயம் என் கால்விரலோடு நிற்காது, வடம் பிடிப்பவர்களையும் பாதிக்கும் என்பதால் மைத்துனனை நானே கூப்பிட்டேன். இரண்டாவது கட்டையோடு என் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“மாமா, உன் கை நடுங்குச்சின்னா உன்னைத் தள்ளிட்டு நான் போடுவேன். அப்புறம் கோச்சிக்கக் கூடாது.”

“நடுங்கறது கைடா. கட்டை நடுங்காது.”

முதல் முனையில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முனையை நெருங்கும்போது வந்தது. அதே ரம்பம், அதே மூச்சு. பின்னால் சனம், முன்னால் ஆள் உயரச் சக்கரம். ஓடச் சொல்லிக் கால் கெஞ்சியது. மைத்துனன் என் கையைப் பார்த்தான், அவன் கட்டையை உயர்த்தினான்.

“இரு” என்றேன். “வந்திருக்குது. இருந்துட்டுப் போவட்டும்.”

“யாரு மாமா?”

பதில் சொல்ல நேரமில்லை. மூச்சை விட்டேன், குனிந்தேன், கட்டையைச் செருகினேன். சக்கரம் அதன் மேல் ஏறி முனகியது. தேர் மெல்ல வலதுபக்கம் முகம் திருப்பியது. கட்டை நழுவவில்லை. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. மைத்துனன் அவன் கட்டையைக் கீழே இறக்கினான். அவன் சட்டை என் சட்டையை விட நனைந்திருந்தது.

“மாமா, அடுத்த முனையும் நீயே போட்டுடு” என்றான்.

இன்னும் இரண்டு முனை இருந்தது. கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சக்கரத்தோடு நடந்தேன்.