நர்சம்மா விழுங்கிய மாத்திரை

பினாயிலின் காட்டமான வாசனைதான் முதலில் வரும். அதன் பின்னால் அம்மாவின் இருமல் வரும். ஓசூரிலிருந்து சானமாவுக் காட்டுப் பக்கம் போகும் பாதையில் இருந்த எங்கள் ஊரில், ஐம்பதுகளின் கடைசியில், அம்மாவுக்கு "ஷயம்" என்ற காசநோய் கண்டபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா இறந்த பிறகு குடும்பத்தை நடத்திய பெரியப்பா, களத்துமேட்டு ஓரத்தில் குடிசை போட்டு அம்மாவை அங்கே வைத்தார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். என் அப்பாவை, தன் ஒரே தம்பியை, அதே நோய்க்குப் பறிகொடுத்தவர். நான் பத்தடி தள்ளி நின்றுதான் அம்மாவோடு பேசவேண்டும்.

வாரம் ஒருமுறை சைக்கிளில் நர்சம்மா வருவார். தெற்கத்திப் பெண், வந்த சில மாதத்திலேயே எங்கள் ஊர்த் தெலுங்கையும் கன்னடத்தையும் உடைத்து உடைத்துப் பேசப் பழகியிருந்தார். பினாயில் ஊற்றிய, மூடி போட்ட தகரக் குவளையில்தான் சளி துப்பவேண்டும் என்று காட்டிக்கொடுத்து, மாத்திரைப் பொட்டலத்தை அம்மாவின் கையில் வைத்து, "லட்சுமக்கா, இருமல் நின்னாலும் இதை நிறுத்தக் கூடாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாம் மாதம் இருமல் குறைந்தது. அப்புறம் ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில், குடிசைக்குப் பின்னால் வேலியோரம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினாற்போல் வெள்ளையாக ஓடிக் கிடந்தது. அம்மா எறிந்த மாத்திரைகள். நர்சம்மா குனிந்து பார்த்தார்.

"தொண்டையில நிக்குது நர்சம்மா, குமட்டிக்கினு வருது. அதான் நல்லாயிடுச்சே" என்றாள் அம்மா.

"வுட்டுடு நர்சம்மா," என்றார் தள்ளி நின்ற பெரியப்பா. "எந்தம்பிக்கும் எல்லாம் பாத்தோம். ஒண்ணும் ஆவல."

நர்சம்மா பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, ஊரில் வேறு யாரும் தொடாத அம்மாவின் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்து விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது.

"நீங்க சொல்லது நெசந்தான் அக்கா, நிக்கத்தான் செய்யுது. இனிமே கூழைக் குடிச்சிட்டுப் போடுங்க. நாளையிலேருந்து நான் தினம் வாரேன்."

வந்தார். ராகி முற்றி யானைகள் இறங்கிய நாளில் வெயில் ஏறிய பிறகு, சேறு அப்பிய சேலையோடு வந்து, "வழியில யானை நின்னுச்சு, சுத்தி வந்தேன்" என்று மட்டும் சொல்லி, கூழ் குடித்தாயிற்றா என்று கேட்டார். சைக்கிள் மணி கேட்கும் முன்பே அம்மா குடித்து முடித்துக் கை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பல மாதம் கழித்து, சளியில் கிருமி இல்லை என்று சோதனையில் தெரிந்ததும், "போ, அம்மாகிட்ட போ" என்றார் நர்சம்மா. எனக்கோ பழக்கம் விட்டுப்போயிருந்தது. பத்தடி தள்ளியே நின்றேன். அவர்தான் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். அம்மாவின் மடி எலும்பாய்க் குத்தியது. வெகுநேரம் நான் எழுந்திருக்கவே இல்லை.

அன்று குடிசையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்ட பெரியப்பா, நர்சம்மாவைத் தனியே கூப்பிட்டு, "எனக்கும் கொஞ்ச நாளா இருமுதும்மா" என்றார். அவரையும் அதே மாத்திரைதான் பிழைக்க வைத்தது.

களத்துமேடு இருந்த இடத்தில் இன்று ஒரு கம்பெனியின் மதில் சுவர். ஷிப்டு பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அம்மா எழுபத்தெட்டு வயதுவரை இருந்துவிட்டுப் போனாள். நர்சம்மா மாற்றலாகி எந்த ஊருக்குப் போனார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை. கடைசிவரை "நர்சம்மா" என்றே கூப்பிட்டுவிட்டோம்.