அன்பரசனின் பாம்புக் கட்டு

அன்பரசன் ஓட்டும் கம்பெனி பஸ், யார் கை காட்டினாலும் நிற்கும். மாதனூர்ப் பக்கம் இன்னின்ன இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று ஷூ கம்பெனி எழுதியே கொடுத்திருக்கிறது. இவனோ செருப்பு அறுந்து நிற்பவள், சோற்று டப்பாவை மறந்து வீட்டுக்கு ஓடியவள் என்று எல்லாருக்காகவும் நிறுத்துவான். அதற்காக சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. "ஒரு பொண்ண ரோட்ல உட்டுட்டு வந்தா அவளுக்கு அன்னிக்கு சம்பளம் போய்டும் பாய்" என்பான் என்னிடம். நானும் அங்கே டிரைவர்தான், பெயர் குர்ஷித். என் பஸ் நேரத்துக்கு வரும்.

காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மாலை வரை எங்களுக்கு வேலை கிடையாது. முன்பெல்லாம் ஷெட்டில் ரம்மி ஓடும். ஒருநாள் அது கைகலப்பில் முடிய, இனி சீட்டுக்கட்டைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்போதுதான் எங்களில் இளையவனான தபரேஸ், பிள்ளைகள் சேர்க்கிற மிருகக் கார்டுகளைக் கொண்டுவந்தான். பாக்கெட்டைப் பிரித்தால்தான் உள்ளே என்ன மிருகம் என்று தெரியும். கிடைத்ததில் வேண்டியதைப் பொறுக்கி ஆளுக்கொரு கட்டு சேர்க்க வேண்டும். எதிராளியின் இருபது உயிரை முதலில் தீர்ப்பவன் ஜெயித்தவன். முதலில் சிரித்தோம். ஒரே மாதத்தில், மீசை நரைத்தவர்களெல்லாம் கரடிக்கும் கழுகுக்கும் தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்பரசனுக்குப் பாம்பு. வேறு எதையும் தொடமாட்டான். கடிக்கிற பாம்பு, விஷம் ஏற்றுகிற பாம்பு, ஒளிகிற பாம்பு, முட்டையிடுகிற பாம்பு, எலி விழுங்குகிற பாம்பு, எது வந்தாலும் அவன் கட்டுக்குள் அதற்கு இடம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல கார்டுகள். சேர்ந்தால் ஒன்றுக்கொன்று உதவாது. பஸ் ஓட்டுகிற மாதிரியே கட்டையும் சேர்த்து வைத்திருந்தான். ஷெட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால், அவனோடு ஒரு ஆட்டம் போட்டு ஜெயித்துத் தேற்றிக்கொள்வோம்.

வேலூரில் ஞாயிற்றுக்கிழமை போட்டி, நாலு பேர் ஓர் அணி என்று தபரேஸ் சேதி கொண்டுவந்தான். மூன்று பேர் ஏற்கனவே முடிவு, நாலாவது நான்.

"நானும் வர்றேன்" என்றான் அன்பரசன்.

தபரேஸ் தயங்கினான். "அண்ணே, பாம்ப உட்டுடுங்க. எங்கிட்ட புலி கட்டு ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு. அத ஆடிப் பாருங்க."

"பாம்புதான்."

"உங்க கட்டு எல்லா வேலையும் ஆரம்பிக்குது. ஒண்ணையும் முடிக்க மாட்டேங்குதே."

அன்பரசனுக்குச் சுருக்கென்றது. முகம் கறுத்துப்போனது. "வெள்ளிக்கிழம குர்ஷித் பாயோட ஆட்றேன். தோத்தா இனிமே பாம்பத் தொட மாட்டேன். ஜெயிச்சா அவர் எடம் எனக்கு." நோகாமல் கிடைக்கிற ஜெயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் அவன் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். சீட்டுக்கு ஒன்றாகக் கார்டுகளைப் பரப்பியிருந்தான்.

"இன்னா அன்பு, பாம்புக்கெல்லாம் சீட் புடிச்சுக் குடுக்கறியா?"

"ஒரே ஊருக்குப் போறதுங்க மட்டும் முன்னாடி. மத்ததெல்லாம் எறங்கணும் பாய்."

"எந்த ஊரு?"

"வெஷம்."

விஷப் பாம்பு ஒன்று மேசையில் இருக்கும் வரை, சுற்றுக்கு ஓர் உயிர் வீதம் எதிராளிக்குப் போய்க்கொண்டே இருக்கும். மெதுவான வேலை. அதுவரை நாம் சாகாமல் இருக்க வேண்டும். அதனால் ஒளிகிற பாம்பும் எதிரியைச் சுற்றி இறுக்குகிற பாம்பும் முன் சீட்டுக்கு வந்தன. முட்டையிடுவதும் எலி விழுங்குவதும் கடைசி வரிசைக்குப் போயின. ஒவ்வொன்றையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் கொண்டுபோய் வைத்தான்.

டிரைவர் சீட்டில் ராஜநாகம் தனியாக இருந்தது. அவன் மகள் பிரித்த பாக்கெட்டில் வந்த பளபளப்பான கார்டு, ஷெட்டில் வேறு யாரிடமும் இல்லாதது. ஒரே கடியில் ஆறு உயிரை எடுக்கும். ஆனால் தன் பக்கத்துப் பாம்பு இரண்டைத் தின்றுவிட்டுத்தான் மேசைக்கு வரும்.

அந்த வாரம் முழுக்க மற்ற டிரைவர்களோடு ஆடித் தோற்றான். புதன்கிழமை ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ராஜநாகத்தை இறக்கினான். விஷப் பாம்பு இரண்டு அதன் வயிற்றுக்குள் போக, எதிராளி பிழைத்துக்கொண்டார். தோற்ற கையோடு பஸ்ஸில் ஏறி மறுபடி கார்டுகளைப் பரப்பினான். டீக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை என் ஓநாய்கள் அவன் மேல் பாய்ந்தன. அவன் ஒளிந்தான், இறுக்கினான், ஒவ்வொரு விஷப் பாம்பாக இறக்கினான். ஆட்டத்தின் நடுவிலேயே என் கைக்குக் கீரி வந்துவிட்டது. எந்தப் பாம்பையும் கொன்றுவிடும், ஆனால் ஒரே ஒரு தடவைதான். அதைப் போய்ச் சின்னப் பாம்புக்குச் செலவழிக்க நான் என்ன கிறுக்கனா? ராஜநாகம் வரட்டும் என்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவனுக்கு மூன்று உயிர், எனக்கு நாலு. மேசையில் நாலு விஷப் பாம்பு. ஒன்றைக் கொன்றால் நான் தப்பிப்பேன், அடுத்த பாய்ச்சலில் அவன் கதை முடியும். ஆனால் அவன் கையில் இன்னும் ஒரு கார்டு இருந்தது. அதுதான் ராஜநாகம் என்று சத்தியமே செய்திருப்பேன். இந்தச் சுற்றிலேயே இறக்குவான், இறக்கியதும் அடிக்கலாம் என்று கீரியை விடாமல் காத்திருந்தேன்; அவன் எதையும் இறக்கவில்லை. சுற்று முடிந்தது, என் நாலு உயிரும் போயின.

"ராஜநாகம் எங்கடா?"

"வீட்ல இருக்குது பாய். பொண்ணுகிட்டயே குடுத்துட்டேன்." "அத பஸ்லேர்ந்து எறக்கி உடறதுதான் ரொம்ப பேஜாரா இருந்துச்சு."

கீரியைத் திருப்பி மேசையில் போட்டேன். சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பரசன் சிரிக்கவில்லை. என் இடம் போனதில் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க பாய்" என்றான், கார்டுகளைக் கலைத்தபடி. "வேலூர்ல எவனாவது கீரிய மொதல்லயே உட்டா நான் இன்னா பண்றதுன்னு தெரியல. இன்னொரு ஆட்டம் போடுங்க."

கோபம் தீராமலேதான் உட்கார்ந்தேன். இந்த முறை கீரி வந்ததும், அவனுடைய முதல் பாம்பின் மேலேயே விட்டேன்.