லாக்கருக்குள் நாற்பத்து நான்கு டிகிரி

கத்திரி வெயில் வந்தால் பாண்டிச்செல்விக்கு ஆஸ்பத்திரி. ஒரகடம் கம்பெனியில் சேர்ந்த இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்பவள். மழையிலும் மார்கழிக் குளிரிலும் நன்றாகத்தான் இருப்பாள். சித்திரை முற்றியதும் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று சுருண்டு விழுவாள். சர்க்கரை ஏறி ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது என்பார் டாக்டர். ஹாஸ்டல் பெண்களோ மாம்பழத்தைச் சொல்வார்கள். தின்னாத மாம்பழத்துக்கு எத்தனை நாள்தான் பதில் சொல்வது?

இந்த வருஷம் சூப்பர்வைசர் அண்ணாதுரை முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இன்னாம்மா, வெயில் அடிச்சா உனுக்கு லீவா? இன்னொரு வாட்டி வுழுந்தே, காண்ட்ராக்ட் கட்டு. ஊருக்குப் போய்க்கினே இரு."

ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே மாமன் மகன், 'சுகர்காரிக்கு நான் வாழ்வு கொடுக்கிறேன்' என்று பெருமையடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் கொடுக்கும் வாழ்வை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

லைனில் அவளுக்குப் பசை டப்பாக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சர்க்யூட் போர்டில் தடவும் பசை ஃப்ரிட்ஜில் இருக்கும். ஷிஃப்டுக்கு மூன்று முறை அதன் சூட்டை நோட்டில் எழுத வேண்டும். அன்று 'ஐந்து டிகிரி' என்று எழுதும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஹாஸ்டலில் இன்சுலினை ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறாள். ஆனால் அன்றாடம் ஊசி போடும் இன்சுலின் பேனா அவளோடு வரும். லைனுக்குள் பை கூடாது என்பதால், அது எட்டு மணி நேரமும் தகரக் கொட்டகை லாக்கரில் கிடக்கும். பிரித்த மருந்து அறைச்சூட்டில் இருக்கலாம் என்றார்கள். எந்த அறை என்று யாரும் சொல்லவில்லை.

உபரியாக இருந்த தெர்மாமீட்டரை லாக்கருக்குள் வைத்தாள். மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்து நான்கு. முப்பதைத் தாண்டினாலே இன்சுலின் வீரியம் இழக்கத் தொடங்கிவிடும்.

நேரே வந்து பசை நோட்டைத் திறந்து, ஐந்துக்குக் கீழே 'லாக்கர் – இன்சுலின் – 44' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அந்த நோட்டில் தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவதே அதைத்தான்.

அண்ணாதுரை ஓடி வந்தார். "இன்னா பண்ணிக்கீற? சுகர்னு மேல தெரிஞ்சா அன்ஃபிட் போட்டுடுவாங்கம்மா!"

"போடட்டும் சார். அதையும் எழுத்துல தரச் சொல்லுங்க." அவள் குரல் தணியவில்லை. "பசை கெட்டா போர்டுதான் போகும். என் மருந்து கெட்டா நான் போயிருவேன். பசைக்கு ஃப்ரிட்ஜ் வச்சிருக்கிய. எனக்கு எங்க சார் வச்சிருக்கிய?"

லைன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அண்ணாதுரை நோட்டைத் தூக்கிக்கொண்டு மானேஜர் அறைக்கு நடந்தார்.

மறுநாள் முதலுதவி அறை ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு அவளுக்கு ஒதுக்கப்பட்டது. புதுப் பேனாவில் பசை டப்பாவுக்கு ஒட்டும் ஸ்டிக்கரையே ஒட்டினாள்: பிரித்த தேதி, நேரம், கையெழுத்து.

ஒரு நாளும் விழாமலே கத்திரி முடிந்தது. அன்று மாம்பழம் ஒன்றை கேன்டீனுக்கு எடுத்து வந்தாள். கணக்குப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு, அண்ணாதுரைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு துண்டை நிதானமாகத் தின்றாள்.