நாக்கு வழிக்காத ஒரு கிழமை

என் கணவருடைய குறட்டை, சிட்னியின் டூங்கபியில் எங்கள் தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ராத்திரி லொறி ஏதும் வந்து நிண்டதோ?" என்று கேட்டிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். குறட்டை எனக்குப் பயமில்லை, அது நின்றால்தான் பயம். சட்டென்று அறுந்துபோகும். நெஞ்சு எழும்பாது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு தண்ணீருக்குள் இருந்து தலையை வெளியே எடுத்தவர்போல ஓர் இழுவை இழுப்பார். அந்த இழுவை ஒருநாள் வராமல் போய்விடும் என்ற நினைப்போடுதான் வருஷக்கணக்காக அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

குடும்ப டொக்டர் நித்திரைப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். மூச்சு நிற்பது உறுதியானால் முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்று ஊதும் மெஷினோடுதான் படுக்க வேண்டியிருக்கும் என்றார். மாஸ்க் என்ற சொல்லோடு இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். மெல்பேர்னில் இருக்கிற மகள் போனில் கெஞ்சினாள். நான் சண்டை பிடித்தேன்.

"செத்தாலும் அதை மூஞ்சையிலை மாட்டமாட்டன்."

ஏன் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். நான் அதை வீம்பு என்றுதான் நினைத்தேன்.

வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள் என்று, பிளாக்டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சீன வைத்தியரிடம் போகச் சம்மதித்தார். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல் என்று நானும் கூடப் போனேன். வைத்தியர் என் வயது மதிக்கத்தக்க பெண். இரண்டு கையிலும் நாடி பிடித்தார். ஜன்னலடிக்குக் கூட்டிப்போய் நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். நாக்கில் படிவே இல்லை, உடம்பு உள்ளுக்குள் காய்ந்து வறண்டுவிட்டது என்றார். பெல்ட்டுக்கு மேலால் தள்ளிக்கொண்டு நின்ற இவருடைய வண்டியைப் பார்த்தேன். பால் தேத்தண்ணியும் ரோல்ஸுமாக வளர்த்த வண்டி அது. காய்ந்ததற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வறட்சியைப் போக்கக் கறுப்பாக, சீனிப்பாணிபோலக் கெட்டியாக ஒரு மருந்து தந்தார். இனிப்பாக இருந்ததால் இவர் ஒழுங்காகக் குடித்தார். குறட்டை கூடியது. மூச்சு நிற்பதும் நீண்டது. நான் விடியும்வரை அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கிடந்து, வேலைக்குப் போய் மேசையில் தூங்கி விழுந்தேன்.

அடுத்த முறை போனபோது வைத்தியருக்கும் ஏதோ இடித்திருக்க வேண்டும். நாடி ஒன்றைச் சொல்கிறது, நாக்கு வேறொன்றைச் சொல்கிறது என்று முகத்தைச் சுருக்கினார். பிறகு, நாக்கை எதனாலாவது தேய்ப்பீர்களா என்று கேட்டார். இவர் பெருமையாகச் சொன்னார். தினமும் காலையில் வழிப்பாராம், வைத்தியரைப் பார்க்க வருகிற நாளில் வெளிக்கிட முன்னர் இன்னொரு தரமும் வழிப்பாராம். ஊத்தை வாயோடு ஒரு வைத்தியர் முன்னால் போய் நிற்கலாமா? எங்களுக்கு அது மரியாதை. வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார்.

"வாசிக்க வேண்டியதை அழித்துவிட்டு வந்து என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்."

ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், நாக்கைத் தொடக்கூடாது என்று கட்டளை. இவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தேத்தண்ணி ருசிக்கவில்லை என்றார், கோயிலுக்கு வரமாட்டேன் என்றார், என்னோடு கதைக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பப் போனபோது நாக்கில் கஞ்சி ஆடைபோலத் தடித்த படிவு. சளியும் ஈரமும் கட்டிப்போன உடம்பு என்றார் வைத்தியர். இத்தனை நாளும் கொடுத்தது அதை இன்னும் கூட்டுகிற மருந்து. பாலும் இனிப்பும் வேண்டாம் என்று நிறுத்தி, ஒரேஞ்ச் மணக்கிற, காய்ந்த தோடம்பழத் தோல் சேர்ந்த தூளைத் தந்து, கால்களில் ஊசி குத்தினார். தொண்டையில் சளிக்குக் காலில் ஊசியா என்று நான் மனதுக்குள் முணுமுணுத்தேன்.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பி, நித்திரையில் மூச்சு நிற்கிறதா என்று கேட்டார். இவர் வாய் திறக்க முதல் நான் ஓம் என்றேன்.

"குறட்டையைக் குறைக்க நான் உதவிசெய்யலாம். நிற்கிற மூச்சுக்கு என்னுடைய ஊசி காவல் இருக்காது. முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். மெஷின் வேண்டும் என்றால் போடுங்கள். அதற்குப் பிறகும் இங்கே வரலாம்."

காலில் ஊசிகள் இருந்ததால் இவரால் எழும்பிப் போக முடியவில்லை. கூரையைப் பார்த்தபடி, உடைந்த இங்கிலிஷில் சொல்லத் தொடங்கினார். கொரோனா நேரம் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த தமையனை, ஒரு நேர்ஸ் போனைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். முகம் முழுக்க மாஸ்க். தமையன் ஏதோ சொல்ல வாயசைத்தாராம். மூச்சு பட்டு மாஸ்க் முழுக்கப் புகார் மூடியதாம். என்ன சொன்னார் என்று விளங்க முதல் லைன் அறுந்துவிட்டதாம். அன்று என்னிடம், "கதைச்சனான், பரவாயில்லாமல் இருக்கிறார்" என்று மட்டும்தான் சொன்னார். அடுத்த நாள் செய்தி வந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த எனக்குச் சொல்லாததை, யாரோ ஒருவருக்குச் சொல்கிறாரே என்ற கோபம். பிறகுதான் அழுகை வந்தது. வைத்தியர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவர் காலுக்கு மேல் துவாயை இழுத்துவிட்டார்.

பரிசோதனையும் முடிந்தது, மெஷினும் வீட்டுக்கு வந்தது. இரவில் போட முன்னர் பகலில் கொஞ்சம் போட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கட்டிலில் சாய்ந்திருந்து, தானே மாட்டினார். நான் வாரை இறுக்கிவிட்டேன். மெஷின் மெதுவாக ஊதியது. நெஞ்சு ஒழுங்காக எழும்பி இறங்குவதை முதன்முதலாகப் பயமில்லாமல் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மகளின் வீடியோ கோல் வந்தது. அவளுக்குக் காட்டினால் சந்தோஷப்படுவாள் என்று போனைத் தூக்கினேன். அவர் பதறிப்போய் மாஸ்க்கை ஒரு பக்கம் தூக்கினார்.

"இஞ்சரும், பிள்ளைக்கு என்னை இதோடை காட்டிப்போடாதையும்."

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். அது அடித்து ஓய்ந்தது. அவர் மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.